தொல்லை தருவோரும் நாமும்

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் நாள்தோறும் பயணம் செய்யும் மாணவர்கள் பலர் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அவர்களுக்கு இன்றைய பொருளை நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை. 1931ஆம் ஆண்டில் இப்பாதையில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. அன்றிருந்த குறுகிய பாதை இன்று அகலப் பாதையாகிவிட்டது. பெட்டிகளும் நிலையங்களும் மாறிவிட்டன. மாறாமல் இருப்பவர் பெட்டிக்குள் நம்மோடு நெருக்கி நிற்கும் மனிதரே. இறங்குவோர்க்கு வழிவிடாமல் வாயிலை அடைத்து நிற்பவர் ஒருவர். பக்கத்து இருக்கையில் தம் பையை அமர வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பவர் ஒருவர். கைப்பேசியில் ஒலிக்கும் பாட்டைப் பெட்டியிலுள்ளோர் அனைவரும் கேட்டே ஆக வேண்டும் என்று கருதுபவர் ஒருவர். குரோம்பேட்டையில் தொடங்கிய தம் குடும்ப வழக்கைக் கிண்டி வந்த பின்னும் முடிக்காமல் உரத்த குரலில் பேசுபவர் இன்னொருவர். இவர்களால் நமக்கு உண்டாகும் எரிச்சல் நாம் அறிந்ததே.

இறங்கும் நிலையம் வருவதற்குள், நம்மைத் தொல்லைப்படுத்தியவர்களின் பட்டியல் ஒன்று நம் மனத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. அதே பெட்டியில் பயணம் செய்த மற்றவர்களும் தத்தம் மனத்தில் இத்தகைய பட்டியலை எழுதியிருப்பார்கள் அல்லவா? அந்தப் பட்டியல்களில் எத்தனையில் நம்முடைய பெயர் இடம்பெற்றிருக்கிறது? இந்த வினாவை நாம் பெரும்பாலும் கேட்டுக்கொள்வதில்லை. இதனையே இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். கிறித்துவத் திருமறையின் ஒளியில் இதனைக் காண முயல்கிறேன். எனினும் பொருள் எல்லார்க்கும் பொதுவானது. எரிச்சலுக்குச் சமய வேறுபாடு இல்லை.

முதலில் ஓர் எளிய உண்மையை மனத்திற் கொள்வோம். மீனம்பாக்கம் விமான நிலையத்தை ஒட்டி, பழவந்தாங்கலிலும் திரிசூலத்திலும் பல்லாண்டுகளாகக் குடியிருப்பவர்களைப் பாருங்கள். வீட்டுக் கூரைக்கு மேலே விமானம் இரைந்து செல்லும்போது அவர்கள் பேச்சை நிறுத்தி, அது கடந்த பின் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். இடையே பேச்சு நின்றது என்பதே பலருக்கு நினைவிருப்பதில்லை. வெளியூரிலிருந்து வந்த விருந்தாளியோ திடுக்கிட்டு அண்ணாந்து பார்க்கிறார். ஓசை ஒன்றே, ஒருவர் காதில் அது விழுகிறது, மற்றொருவர் காதில் விழுவதில்லை. நம்முடைய பழக்கங்களும் இத்தகையனவே. நாம் அவற்றோடு பிறந்த நாள் முதலாகக் குடியிருக்கிறோம். அவற்றின் இரைச்சல் நமக்குக் கேட்பதில்லை. நம்மோடு வாழ வந்தவர்களுக்கே கேட்கிறது. குறட்டை விடுகிறவன் நன்றாக உறங்குகிறான். அதன் அளவை அறிய வேண்டுமானால் அடுத்த கட்டிலில் விழித்துக் கிடப்பவனைத்தான் கேட்க வேண்டும்.

சமய நூல் என்றால் கொலை, களவு முதலிய பெரும்பாவங்களைப் பற்றியே பேசும் என்று சிலர் எண்ணுவர். திருமறையின் பழைய ஏற்பாட்டில் நீதிமொழிகள் என்னும் பகுதி உளது. அன்றாட வாழ்வின் சிறுசிறு தொல்லைகளை அது கூர்ந்து நோக்கியிருப்பது வியப்பைத் தரும். விடியற்காலையில் எழுந்து, நண்பனை உரத்த குரலில் வாழ்த்துபவனை அது குறிப்பிடுகிறது. அவ்வாழ்த்து சாபமாகவே எண்ணப்படும் என்பது அதன் கருத்து. வாழ்த்துபவனின் உள்ளம் நல்லதே. ஆனால் காலமும் குரலும் தவறிவிட்டன. அடிக்கடி அண்டை வீட்டுப் படி ஏறுபவனை நோக்கி, அவர்கள் சலித்து வெறுக்கும் அளவுக்குப் போக வேண்டாம் என்று அந்நூல் எச்சரிக்கிறது. அயலானை ஏமாற்றித் துன்புறுத்திவிட்டு, ‘விளையாட்டுக்குத்தானே செய்தேன்’ என்னும் பொருள்படப் பேசுபவனை, கொள்ளியையும் அம்பையும் வீசியெறியும் பித்தனுக்கு ஒப்பிடுகிறது.

இம்மூவரையும் நாம் அறிவோம். விடுதி அறையில் அதிகாலையில் விளக்கைப் போட்டுப் பாடத்தை வாய்விட்டுப் படிப்பவர், தேர்வுக்கு முந்திய இரவில் அரட்டைக்கு வந்து அமர்ந்து எழுந்திருக்க மறப்பவர், ஒருவருடைய நிறத்தையோ பேச்சையோ ஊரையோ கேலி செய்துவிட்டு ‘வேடிக்கைதானே’ என்பவர் ஆகியோர் எல்லா விடுதிகளிலும் உண்டு. அறிவுடைய மாணவன் ‘இவர்களுள் நான் யார்?’ என்று தன்னையும் கேட்டுக்கொள்வான்.

இயேசு பெருமான் மலைப்பொழிவில் இதற்கு ஓர் உவமை கூறினார். தன் கண்ணில் உத்திரம் கிடக்க, அதை உணராமல், சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கப் புறப்படுபவனின் உவமை அது. பெருமான் நாசரேத்தூரில் தச்சுத் தொழில் செய்தவர். பட்டறையில் மரம் அறுக்கும்போது துகள் பறந்து கண்ணில் விழுவதை அவர் பலமுறை கண்டிருப்பார். துரும்பும் உத்திரமும் அளவில் வேறாயினும் இரண்டும் மரமே என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பிறரிடம் நம்மை மிகவும் எரிச்சலூட்டும் குறை, பல வேளைகளில் நம்மிடமே பெரிதாக இருக்கும் குறையாகும். தற்பெருமை பேசுபவனைக் கண்டு மிகவும் சினப்பவன் இன்னொரு தற்பெருமைக்காரனே. அவனுடைய பேச்சு இவனுடைய பேச்சுக்கு இடம் கொடாமற் செய்துவிடுகிறது!

அவ்வுவமையின் முடிவையும் பலர் மறந்துவிடுகிறார்கள். சகோதரன் கண்ணிலுள்ள துரும்பைத் தொடவே கூடாது என்று பெருமான் சொல்லவில்லை. முதலில் உன் கண்ணைச் செம்மைப்படுத்து. பின்னர்த் தெளிவாகப் பார்த்து அவனுக்கு உதவலாம் என்பதே கருத்து. கண்ணில் விழுந்த துரும்பு வலி தருவது. அதை எடுத்துவிடுபவன் நண்பன். ஆனால் பார்வையற்றவன் கையில் அந்த வேலையை யார் ஒப்படைப்பார்? திருவள்ளுவரும் புறங்கூறாமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் இதற்கு நெருங்கிய கருத்தை வைத்திருக்கிறார். அயலாரின் குற்றத்தைக் காணும் கூர்மையோடு தம் குற்றத்தையும் காணக் கற்றால் உயிர்களுக்குத் தீங்கு நேராது என்பது அவர் காட்டும் வழி. இரு சான்றோரும் வேறு வேறு நாட்டில், வேறு வேறு மொழியில், ஒரே நோய்க்கு ஒரே மருந்தைக் கூறியிருக்கின்றனர்.

இவ்வுண்மையை நான் நூலில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆயினும் வாழ்க்கையில் தெரிந்துகொண்டது மிகவும் பிந்தியே. என் கல்லூரி நாட்களில் விடுதியறை ஒன்றில் இருவர் தங்கியிருந்தோம். என் அறைத் தோழர் விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து பாடங்களை உரக்கப் படிப்பார். எனக்கு உறக்கம் கெடும். நான் அவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பொறுமை கிறித்துவனுக்கு அழகு என்று எனக்கு நானே கூறிக்கொண்டேன். ஆனால் நாளடைவில் அவரோடு பேசுவதைக் குறைத்தேன். அவர் கேட்ட கேள்விக்கு ஒரே சொல்லில் விடை தந்தேன். உணவுக் கூடத்தில் அவர் வந்தமர்ந்தால் விரைவில் எழுந்து சென்றேன். இவ்வளவையும் செய்துகொண்டே, என் பொறுமையை எண்ணி உள்ளூர மகிழ்ந்தும் கொண்டேன். அவ்வாண்டு முடிவதற்கு முன்பே அவர் வேறு அறைக்குச் சென்றுவிட்டார். உறக்கம் திரும்பியது, நானும் அவரை மறந்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, ஒரு மாலையில், தாம்பரம் செல்லும் ரயிலில் அவரைச் சந்தித்தேன். பழைய நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் பெருந்தன்மையோடு, அவர் விடியற்காலையில் படித்ததைச் சிரித்துக்கொண்டே நினைவூட்டினேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அது உனக்குத் தொல்லையாக இருந்ததா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மரத்தடிக்குப் போய்ப் படித்திருப்பேனே” என்றார். இன்னும் சற்று நேரம் கழித்து, “எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பேச்சில் பிழை வரும். நான் வாய் திறந்த போதெல்லாம் நீ திருத்துவாய், மற்றவர்கள் முன்னிலையிலும் திருத்துவாய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நீ பேசாமல் இருந்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை” என்றார். பல்லாவரத்தில் அவர் இறங்கிச் சென்றார். நான் தாம்பரம் வரையில் தனியே சென்றேன்.

அவர் பேச்சை நான் அவ்வாறு திருத்தியது எனக்கு நினைவிலேயே இல்லை! அதுவே என்னை மிகவும் வருத்தியது. அவருடைய ஓசையை ஓர் ஆண்டுக் காலம் எண்ணி எண்ணி வைத்திருந்த என் காதில், என்னுடைய ஓசை ஒரு நாளும் விழவில்லை. பொறுமை என்று நான் பெயரிட்டிருந்தது பொறுமையே அன்று. அது ஒருவகைத் தண்டனை. தீர்ப்பும் நானே எழுதி, குற்றம் இன்னதென்று குற்றவாளிக்கு அறிவிக்காமலே, தண்டனையையும் நானே நிறைவேற்றியிருந்தேன்.

மலைப்பொழிவில் மற்றோர் அறிவுரை உளது. காணிக்கை செலுத்தப் பலிபீடத்தின் முன் வந்து நிற்பவனுக்குத் தன் சகோதரனைப் பற்றிய நினைவு வருமானால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுச் சென்று, முதலில் ஒப்புரவாகி வர வேண்டும் என்பது அது. நாம் பெரும்பாலும் இதைத் தவறாக நினைவில் வைத்திருக்கிறோம். சகோதரன்மீது உனக்குக் குறை இருந்தால் என்று பெருமான் கூறவில்லை. உன்மீது அவனுக்குக் குறை இருந்தால் என்றே கூறினார். நம் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுவது எளிது; அவனுடைய பட்டியலைக் கேட்கப் புறப்படுவதே வழிபாட்டிற்கு முற்பட்ட கடமையாக வைக்கப்பட்டுள்ளது. நம்மிடத்தில் பிழை செய்தவனைப் பற்றியும் பெருமான் வழி கூறினார். முதலில் அவனோடு தனித்திருந்து அவன் குற்றத்தைச் சொல்ல வேண்டும். ஊரைக் கூட்டிச் சொல்வதும் முறையன்று. அவனைத் தவிர மற்றெல்லாரிடமும் சொல்வதும் முறையன்று. அவனிடமும் சொல்லாமல் உள்ளத்தில் புதைத்து வைப்பதும் முறையன்று.

குறையை எடுத்துச் சொல்வதற்கு அன்பும் வேண்டும்; துணிவும் வேண்டும். அதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874ஆம் ஆண்டில் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. இவர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்றவர். அந்நாளில் அக்கல்லூரி சென்னை நகருக்குள் ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937ஆம் ஆண்டில்தான் தாம்பரத்திற்கு வந்தது. 1910ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரில் உலகச் சமயத் தொண்டர் மாநாடு ஒன்று கூடிற்று. ஏறத்தாழ 1,200 பேர் வந்திருந்த அம்மன்றத்தில் ஆசிய நாட்டினர் இருபது பேர்கூட இல்லை. அவர்களுள் ஒருவராக, முப்பத்தைந்து வயது இளைஞராக, அசரியா எழுந்து பேசினார்.

இந்தியாவிற்கு வந்து தொண்டு செய்த வெள்ளைக்காரர்கள் நல்லவர்கள். வீட்டையும் நாட்டையும் துறந்து வந்தவர்கள். அவர்களுடைய தியாகத்தை அசரியா முதலில் மனமாரப் பாராட்டினார். பிறகு, எவரையும் பெயர் குறித்துச் சுட்டாமல், ஒரு குறையை எடுத்துரைத்தார். இந்திய உடனுழைப்பாளரை அவர்கள் தம் வீட்டு உணவு மேசைக்கு அழைப்பதில்லை, சமமாகக் கைகுலுக்குவதில்லை, ஒரே பணியில் ஈடுபட்டிருந்தும் இடையே ஒரு சுவர் நிற்கிறது என்றார். பொருளும் உழைப்பும் உயிரும் தந்த உங்களிடம் நாங்கள் இன்னும் ஒன்றை வேண்டுகிறோம், நட்பைத் தாருங்கள் என்பது அப்பேச்சின் சாரம்.

அவையில் சிலர் முகம் சிவந்தனர்; சிலர் வரவேற்றனர். முகம் சிவந்தவர்கள் தீயவர்கள் அல்லர். தங்கள் நடத்தையின் இரைச்சல் அதுவரை அவர்கள் காதில் விழவில்லை, அவ்வளவுதான். அசரியா பேசாதிருந்திருந்தால் அன்றைய கூட்டம் இனிமையாக முடிந்திருக்கும். சுவர் மட்டும் அப்படியே நின்றிருக்கும். அவர் சொன்ன முறையையும் கருதுங்கள். நன்மையை முதலில் ஒப்புக்கொண்டார். குறையைத் தெளிவாகச் சொன்னார். இறுதியில் அவர் கேட்டது மன்னிப்பையும் அன்று, தண்டனையையும் அன்று. இன்னும் நெருங்கிய உறவையே கேட்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1912இல், அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

சொல்பவர் கடமையைக் கண்டோம். சொல்லப்படுபவர் கடமை என்ன? அதற்கும் அதே கல்லூரியிலிருந்தே ஒரு செய்தியைக் கூறலாம். பின்னாளில் நம் குடியரசுத் தலைவராக விளங்கிய இராதாகிருஷ்ணன் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தத்துவம் பயின்றார். கிறித்துவ ஆசிரியர்கள் சிலர் இந்து சமயத்தைக் குறைகூறியது அவர் உள்ளத்தைத் தைத்தது. அந்த மாணவர் அதற்காகக் கூச்சலிடவில்லை, ஒதுங்கியும் போகவில்லை. தம் முன்னோர் நூல்களைத் தாமே கற்று, அக்குறை மெய்யா என்று ஆராயப் புகுந்தார். வேதாந்தத்தின் அறவியலைப் பற்றி முதுகலைப் பட்டத்திற்காக அவர் எழுதிய ஆய்வுரை 1908இல் நூலாக வெளிவந்தது. தம் தத்துவப் பேராசிரியர் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் மனம் வருந்துவாரோ என்று அவர் அஞ்சினார். ஆனால் ஹாக் அந்த ஆய்வுரையை மிகச் சிறந்த பணி என்று பாராட்டினார். தன் சமயத்தார் கூற்றுக்கு மாணவன் விடையிறுக்கும்போது அதன் தகுதியைக் கண்டு போற்றும் ஆசிரியர் எத்தனை பேர்? தைத்த முள்ளைக் கொண்டு மாணவர் கல்வியைத் தேடினார். மறுப்புரையில் ஆசிரியர் மாணவனின் சிறப்பைக் கண்டார். எரிச்சல் இருவர் கையிலும் பயனுள்ள கருவியாயிற்று.

இந்த ஹாக் அவர்களே பின்னர் அக்கல்லூரியின் முதல்வரானார். அவர் முதல்வராக இருந்த காலத்தில்தான் கல்லூரி தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில், 1938 டிசம்பரில், எடின்பரோ மாநாட்டின் வழிவந்த மற்றோர் உலக மாநாடு தாம்பரம் வளாகத்தில் கூடிற்று. முதலில் அது சீன நாட்டில் நடைபெறுவதாக இருந்தது. ஜப்பான் சீனத்தின்மேல் படையெடுத்தமையால் இடம் மாறித் தாம்பரத்திற்கு வந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 470 பேர் வந்தனர். எடின்பரோவில் இருபது பேர்கூட இல்லாத ஆசியரும் ஆப்பிரிக்கரும் இங்கே ஏறக்குறையப் பாதியளவில் இருந்தனர். அன்று நட்பை வேண்டி நின்ற அசரியா இங்கே முதிர்ந்த பேராயராக, வந்தவர்களை வரவேற்கும் நாட்டின் தலைவர்களுள் ஒருவராக நின்றார்.

அம்மாநாட்டில் எல்லாரும் ஒரே கருத்தினராக இருந்தனர் என்று எண்ண வேண்டாம். நெதர்லாந்து அறிஞர் ஹெண்டிரிக் கிரேமர் பிற சமயங்களைப் பற்றி எழுதிய நூலின் கருத்துகளை ஹாக் வன்மையாக மறுத்தார். அவ்வாதம் இன்றும் அறிஞரிடையே பேசப்படுகிறது. அதைக் காட்டிலும் அரிய காட்சி ஒன்று உண்டு. தங்கள் நாடுகள் ஒன்றோடொன்று போரிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சீனரும் ஜப்பானியரும் அங்கே ஒரே அவையில் அமர்ந்தனர். ஒரே வழிபாட்டில் கலந்துகொண்டனர். அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கொண்டிருக்கக்கூடிய மனத்தாங்கலுக்கு முன்னால், நம் ரயில்பெட்டித் தொல்லைகள் எம்மாத்திரம்? ஒரு கூட்டத்தினால் போர் நின்றுவிடவில்லை. ஆயினும் பகைவர் என்று பெயரிடப்பட்டவரை மனிதராகக் காண்பது இயலும் என்பது, நாம் நாள்தோறும் கடந்து செல்லும் தாம்பரத்தில் மெய்ப்பிக்கப்பட்டது.

சரி, எடுத்துச் சொல்லியும் மாறாதவர்கள் உண்டு. சொல்லத் தகாத குறைகளும் உண்டு. முதியவரின் இருமலையும், திக்கிப் பேசுபவரின் பேச்சையும், ஒருவரது முகத்தின் இயல்பான கடுகடுப்பையும் யாரிடம் முறையிடுவது? தாம்பரத்தில் 1928ஆம் ஆண்டில் சௌரிமுத்து என்னும் மருத்துவர் காசநோயாளருக்கென்று ஒரு நலவாழ்வு இல்லம் தொடங்கினார். அதன் பெயரையே அருகிலுள்ள ரயில் நிலையம் சானடோரியம் என்று இன்றும் தாங்கி நிற்கிறது. மருந்து அரிதாயிருந்த அந்நாளில், இரவு முழுவதும் இருமுவோர் நிறைந்த கூடத்தில் படுத்திருந்த நோயாளியை எண்ணிப் பாருங்கள். அங்கே ‘இருமாதே’ என்று யார் யாரிடம் சொல்ல இயலும்? தானும் இருமுகிறோம் என்ற நினைவே அவனுக்குப் பிறர் இருமலைப் பொறுக்கும் வலிமையைத் தந்திருக்கும். உண்மையான பொறுமையின் வேர் இதுவே. நான் நலமுள்ளவன், நீ நோயாளி என்று எண்ணுபவன் நெடுநாள் பொறுக்க மாட்டான். இருவரும் ஒரே கூடத்தில் படுத்திருக்கும் நோயாளிகள் என்று உணர்ந்தவனே பொறுப்பான்.

பிரான்சு நாட்டு லிசியே நகரில் துறவு மடத்தில் வாழ்ந்து, 1897இல் இருபத்து நான்காம் வயதில் மறைந்த புனித தெரேசா என்னும் இளந்துறவியின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. அவர் தியானத்தில் இருக்கும்போது பின்னால் அமர்ந்திருந்த துறவி ஒருவர் ஏதோ சிறு ஓசையை இடைவிடாமல் எழுப்பிக்கொண்டிருப்பார். திரும்பி ஒரு முறை முறைத்துப் பார்த்தால் போதும், ஓசை நின்றுவிடும். தெரேசாவுக்கு அந்த ஆவல் மிகுதியாக எழுந்தது, உடல் வியர்த்தது. ஆனால் அவர் திரும்பவில்லை. ஓசையைக் கேளாதிருக்க முயல்வது வீண் என்று கண்டு, அதனை இன்னிசையாகவே கருதிக் கூர்ந்து கேட்டு, அதையே தம் வழிபாடாக இறைவனுக்குப் படைத்தார். தம் இயல்புக்குச் சற்றும் ஒவ்வாத மற்றொரு துறவியிடம் அவர் மிகவும் கனிவாக நடந்துகொண்டார். ‘என்னிடம் உனக்கு இவ்வளவு பற்று ஏன்?’ என்று அத்துறவி வியந்து கேட்கும் அளவுக்கு அந்தக் கனிவு இருந்தது. என் விடுதியறை மௌனத்தையும் தெரேசாவின் மௌனத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இருவரும் வாய் திறக்கவில்லை. என் தோழர் என்னிடமிருந்து ஓடிப்போனார். அந்தத் துறவியோ தெரேசாவை நாடி வந்தார்.

ஆயினும் பொறுமை என்ற பெயரால் கொடுமையை ஏற்க வேண்டும் என்று யாரும் பொருள் கொள்ளலாகாது. தொல்லை வேறு, கொடுமை வேறு. கல்லூரிகளில் புதிதாக வரும் மாணவரை அவமதித்துத் துன்புறுத்தும் பகடிவதையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. அத்தகைய செயலுக்கு ஆளானவர் மறைத்து வைக்காமல் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் உடனே கூற வேண்டும். அதைக் காண்பவரும் கூற வேண்டும். பிறர்மேல் கொள்ளி எறியப்படும்போது அமைதியாக இருப்பது அன்பின் பாற்பட்டதாகாது.

இவ்வளவையும் கேட்டபின், ‘நான் பலமுறை சினந்துவிட்டேனே, பலரோடு பேச்சை முறித்துக்கொண்டேனே’ என்று யாரேனும் சோர்வடையக்கூடும். அவர்களுக்குப் பவுல் அடிகளின் வாழ்க்கை ஆறுதல் அளிக்கும். பவுலும் பர்னபாவும் இணைபிரியாத் தோழர்கள். முந்திய பயணத்தில் பாதி வழியில் விட்டுச் சென்ற மாற்கு என்னும் இளைஞரை மீண்டும் அழைத்துச் செல்வதா என்பதில் அவர்களுக்குள் கடும் பூசல் மூண்டது. இருவரும் பிரிந்து வேறு வேறு திசையில் சென்றனர். பின்னாளில் கொரிந்து நகரத்துச் சபைக்கு அன்பின் இலக்கணத்தை எழுதிய பவுல், அன்பு சினம் மூளும்படி தூண்டப்படுவதில்லை என்ற கருத்தை அதில் சேர்த்தார். அவர்களது பூசலைக் குறிக்கத் திருமறையின் கிரேக்க மூலத்தில் வரும் சொல்லும், இங்கே அவர் ஆண்ட சொல்லும் ஒரே வேரினின்று பிறந்தவை. தாம் தவறிய இடத்தையே அவர் பாடமாக எழுதினார் போலும்! அதே மாற்கைத் தம்மிடம் அழைத்து வருமாறும், அவர் தமக்குப் பயனுள்ளவர் என்றும் குறிக்கும் சொற்கள் பவுலின் பெயரால் உள்ள பிந்திய மடல் ஒன்றில் காணப்படுகின்றன. எரிச்சலூட்டிய இளைஞர் உதவியாளராகிவிட்டார். மாறியவர் மாற்கு மட்டும்தானா, பவுலும் மாறினாரா என்று திருமறை விளக்கவில்லை. இருவரும் மாறியிருப்பர் என்றே நான் எண்ணுகிறேன்.

மாணவ நண்பர்களே, இன்றிரவு நீங்கள் செய்யத்தக்க ஒன்றைக் கூறி முடிக்கிறேன். உங்களோடு ஒரே அறையில் வாழும் தோழரிடமோ, வீட்டில் உங்கள் தங்கையிடமோ தம்பியிடமோ, தனித்திருக்கும் நேரத்தில் ஒரு வினாக் கேளுங்கள். ‘என்னால் உனக்கு நேரும் தொல்லை என்ன?’ என்று கேளுங்கள். முதலில் அவர்கள் சிரிப்பார்கள், ஒன்றுமில்லை என்பார்கள். மீண்டும் ஒரு முறை கேளுங்கள். விடை வரும்போது இடைமறித்து விளக்கம் சொல்லாதீர்கள். அவர்களைப் பற்றி உங்களிடமுள்ள பட்டியலை அப்போது எடுத்து நீட்டாதீர்கள். கேட்டு, நன்றி கூறி, ஒன்றையேனும் மாற்ற முயலுங்கள். பிறகு ஒரு நாள் நீங்கள் அவர்களிடம் உங்கள் வருத்தத்தைச் சொல்லும்போது, அச்சொல் உத்திரம் கிடக்கும் கண்ணிலிருந்து வராது; அவர்களும் செவி கொடுப்பார்கள்.

நானும் என் தோழரிடம் இவ்வினாவை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கலாம். நான்கரை மணிக்கு அவர் மரத்தடியில் படித்திருப்பார், நானும் உறங்கியிருப்பேன், ஒரு நட்பும் பிழைத்திருக்கும். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.